தார்ச் சாலைக்கும் மண் பாதைக்கும் ஒரே டயர்: மவுண்டன் பைக்குக்குத் தேர்ந்தெடுக்கும் வரிசை

மவுண்டன் பைக்கோடு வரும் டயர்கள் பெரும்பாலும் உயரமான பட்டன்கள் (மேற்பரப்பில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகள்) கொண்டவை. சேற்றிலும் வேர்கள் நிறைந்த காட்டுத் தடத்திலும் அவை அருமையாகப் பிடிக்கும். ஆனால் அந்தச் சைக்கிளை வைத்திருப்பவர்களில் பலர் தினமும் போவது தார்ச் சாலையில். வார இறுதியில் கொஞ்சம் சரளை, கொஞ்சம் கெட்டியான மண் பாதை, அவ்வளவுதான். அவர்களுக்கு அந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் உறுமிக்கொண்டே காலின் வலுவைத் தின்கிறது.

என் சைக்கிளுக்கும் நண்பர்களின் சைக்கிள்களுக்கும் பலமுறை இந்த மாற்றத்தைச் செய்திருக்கிறேன். தவறு நடந்த இடங்களில் எல்லாம் ஒரே காரணம்: டயரின் பட்டன் வடிவத்தைப் படத்தில் பார்த்து, பிடித்துப்போய், வாங்கிவிட்டு, பிறகுதான் சைக்கிளை அளந்தார்கள். பட்டன் வடிவம் ஐந்தாவது கேள்வி. அதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் வாங்கிய டயரைத் திருப்பிக் கொடுக்க அலைய வேண்டியிருக்காது.

1. பழைய டயரைக் கழற்றுவதற்கு முன்

ஒரு அளவுகோல், ஒரு கைவிளக்கு, குறிப்பெழுத ஒரு தாள் போதும். மாட்டும் நாளுக்கு இரண்டு பிளாஸ்டிக் டயர் நெம்புகோல்கள், அழுத்தமானி உள்ள காற்றுப் பம்பு, கொஞ்சம் சோப்பு நீர்.

பழைய டயரை இப்போதே கழற்ற வேண்டாம். சட்டகத்தில் (ஃபிரேமில்) எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதை, காற்று நிரம்பிய டயர் உள்ளே இருக்கும்போதுதான் சரியாக அளக்க முடியும். வெறும் சக்கரத்தை வைத்து அளந்தவர்கள் இருபுறமும் ஏராளமாக இடம் இருப்பதாக நம்பி ஏமாந்திருக்கிறார்கள்.

2. அங்குலத்தை நம்பாதீர்கள், மில்லிமீட்டரைப் படியுங்கள்

டயரின் பக்கச் சுவரில் இரண்டு விதமான அளவுகள் இருக்கும். ஒன்று 26 × 2.10 போன்ற அங்குலக் கணக்கு. இன்னொன்று 54-559 போன்ற இரட்டை எண். இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில்.

மவுண்டன் பைக்குகளில் 26 அங்குலம் என்றால் 559, 27.5 என்றால் 584, 29 என்றால் 622. இந்த எண் ஒன்றாக இருந்தால்தான் டயர் ரிம்மில் பொருந்தும். ஒரு மில்லிமீட்டர் கூட விட்டுக்கொடுக்க முடியாத அளவு இது. மற்ற எல்லாவற்றிலும் கொஞ்சம் முன்பின் போகலாம்.

ஏன் அங்குலத்தை நம்பக்கூடாது? 26 × 1.75 என்று தசமத்தில் எழுதியது 559. 26 × 1 3/8 என்று பின்னத்தில் எழுதியது 590. இரண்டுமே "26 அங்குலம்" என்ற பெயரில் விற்கப்படுகின்றன. தெரிந்தவர் ஒருவர் பின்ன அளவு டயரை வாங்கி வந்தார். ரிம்மில் கையாலேயே எளிதாக ஏறியது. மிக நன்றாகப் பொருந்துகிறது என்று மகிழ்ந்தார். காற்று அடித்ததும் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்து டியூப் வெடித்தது. நிறுத்தி வைத்திருந்த சைக்கிளில் அது நடந்ததால் காயமில்லை.

இன்னொரு பக்கம், 29 அங்குல மவுண்டன் பைக்கும் சாலைச் சைக்கிள்களில் வரும் 700சி சக்கரமும் ஒரே 622தான். ஆகவே 29 வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு மிக விரிவானது. 26 வைத்திருப்பவர்களுக்குப் புதிய வடிவங்கள் குறைவாகவே கிடைக்கும். கிடைப்பதில் நல்லதை அடையாளம் காண்பதுதான் அவர்கள் வேலை.

3. சட்டகமும் ரிம்மும் எவ்வளவு அகலத்தை ஏற்கும்?

கைவிளக்கை அடித்து, டயருக்கும் சட்டகத்துக்கும் இடையே மிகவும் நெருக்கமாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். பின்சக்கரத்தில் அது பெரும்பாலும் பெடல் அச்சுக்குப் பின்னால் உள்ள கீழ்க் குழாய்களுக்கு நடுவில் இருக்கும். முன்சக்கரத்தில் ஃபோர்க்கின் மேல்வளைவில் இருக்கும். முன் டெரெய்லர் (முன்பக்கப் பல்சக்கரங்களுக்கு இடையே சங்கிலியை நகர்த்தும் கியர் பகுதி) உள்ள சைக்கிளில் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள்.

புதிய டயரை மாட்டிய பிறகும் ஒவ்வொரு பக்கமும் குறைந்தது 6 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ஒட்டிய மண்ணும் சிறு கல்லும் அந்த இடைவெளி வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழியில் ஒரு ஸ்போக் உடைந்து சக்கரம் லேசாகக் கோணினாலும் டயர் சட்டகத்தில் உரசாமல் வீடு வந்து சேரலாம். மட்கார்டு மாட்டப்போகிறீர்கள் என்றால் இன்னும் கூடுதல் இடம் வேண்டும். அச்சிட்ட அகலமும் உண்மையான அகலமும் இரண்டு மூன்று மி.மீ. வேறுபடலாம், காற்று அடித்த சில நாட்களில் டயர் இன்னும் சற்று விரியும்.

அடுத்து ரிம்மின் உள் அகலம். ரிம்மின் மேல் ஒட்டியிருக்கும் தாளிலோ அச்சிலோ 559 × 19, 622 × 25 என்பது போல இருக்கும். இரண்டாவது எண்தான் உள் அகலம். எதுவும் இல்லையென்றால், அலுமினிய ரிம்மின் வெளி அகலத்தை அளந்து 4 அல்லது 5 மி.மீ. கழித்தால் ஏறக்குறைய வரும்.

உள் அகலம் 19 மி.மீ. என்றால் 1.5 முதல் 2.1 அங்குலம் வரை நிம்மதியாகப் போடலாம். 25 மி.மீ. என்றால் 1.9 முதல் 2.4. 30 மி.மீ. உள்ள புதிய ரிம்களில் 2.2 அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம். ரிம் தயாரித்தவர் வேறு எல்லை சொல்லியிருந்தால் அதுவே இறுதி. அகலமான ரிம்மில் ஒல்லியான டயரைப் போட்டால் பக்கச் சுவர் வெளியே இழுபட்டு, குழியில் இறங்கும்போது அடி நேரே ரிம்மின் விளிம்பில் விழும். ஒல்லியான ரிம்மில் பருமனான டயர் போட்டால் திருப்பத்தில் பக்கவாட்டில் தள்ளாடும். புதிய மவுண்டன் பைக் வைத்திருப்பவர்கள் இந்தப் படியில்தான் தடுக்கி விழுகிறார்கள். "சாலைக்கு 1.5 போதும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு 30 மி.மீ. ரிம்மில் மாட்டிவிடுகிறார்கள். அந்த அறிவுரை பழைய ரிம்களுக்கு உரியது.

4. உங்கள் பாதையை எண்ணிப் பாருங்கள்

இரண்டு வாரம் ஓட்டிய தூரத்தைக் குறித்து வையுங்கள். தார் எவ்வளவு, சரளை எவ்வளவு, மண் எவ்வளவு, அந்த மண் காய்ந்ததா ஈரமா. நினைவிலிருந்து சொல்லும் கணக்கு எப்போதும் மண் பாதைப் பக்கமே சாயும், ஏனென்றால் மனதில் நிற்பது அந்தப் பயணங்கள்தான். "பாதிப் பாதி" என்று உறுதியாகச் சொன்ன ஒருவரைக் குறித்து வைக்கச் சொன்னேன். பத்தில் ஒன்பது பங்கு தார்.

இன்னொரு கேள்வியும் உண்டு: மண் பாதையில் உங்களுக்கு வரும் மிக மோசமான பகுதி எது? தளர்ந்த சரளை மேட்டில் ஏறுவதா, மணலா, ஈரக் களிமண்ணா? தூரக் கணக்கு டயரின் அகலத்தை முடிவு செய்யும். இந்தப் பகுதி பட்டன் வடிவத்தை முடிவு செய்யும்.

5. அகலம்

பத்தில் எட்டு பங்குக்கு மேல் தார் என்றால் 1.5 முதல் 1.75. கலவையான ஓட்டம் என்றால் 1.75 முதல் 2.0. மண்ணும் சரளையும் பாதிக்கு மேல் என்றால் 2.1 முதல் 2.25. மூன்றாம் படியில் கிடைத்த எல்லைக்குள் மட்டும் இதைப் பொருத்துங்கள்.

அகலமான டயர் என்றாலே பாரமாக உருளும் என்பது தவறான நம்பிக்கை. ஒரே அழுத்தத்தில், ஒரே தரத்து டயர்களில், அகலமானது தரையில் பதியும் இடம் குட்டையாகவும் அகன்றும் இருக்கிறது. அதனால் டயர் குறைவாகவே மடிந்து நிமிர்கிறது. கரடுமுரடான சாலையில் அது அதிர்வையும் உள்வாங்கிக்கொள்கிறது. அகலத்துக்கு நாம் கொடுக்கும் விலை எடையும் காற்றெதிர்ப்பும்தான். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அவை பெரிய விஷயமல்ல. ஆகவே தயக்கம் இருந்தால் அகலமானதை எடுங்கள். உயரமான பட்டனை மட்டும் எடுக்காதீர்கள்.

ஒல்லியான டயருக்கு மாறினால் சைக்கிள் தாழும் என்பதையும் கணக்கில் வையுங்கள். 2.1 இலிருந்து 1.5 க்கு வந்தால் உயரம் சுமார் 15 மி.மீ. குறையும். திருப்பத்தில் சாயும்போது பெடல் தரையில் தட்டும் வாய்ப்பு அந்த அளவு கூடுகிறது.

6. பட்டன் வடிவம்: அவசரப்பட வேண்டாத இடம்

பலர் முதலில் மறக்க வேண்டிய ஒன்று: ஈரமான தார்ச் சாலையில் வழுக்காமல் இருக்க டயரில் பள்ள வரிகள் வேண்டும் என்பது. கார் டயர் அகலமானது, தட்டையானது. வேகமாகப் போகும்போது நீரின் மேல் மிதந்துவிடும், ஆகவே நீர் வெளியேற அதற்கு வரிகள் தேவை. சைக்கிள் டயரின் தொடுபரப்பு சிறியது, வளைந்தது, அழுத்தமும் அதிகம். சாதாரண வேகத்தில் அது நீரைப் பிளந்துகொண்டு தரையைத் தொட்டுவிடும். ஈரத் தாரில் பிடிப்பைத் தருவது ரப்பரின் தன்மை. வழவழப்பான டயர் அங்கே உயரமான பட்டனைவிட நன்றாகவே பிடிக்கும். சாலையில் பூசிய வெள்ளைக் கோடும் இரும்பு மூடியும் எல்லா டயரையும் வழுக்கும்.

பட்டன்கள் வேலை செய்வது தரை மென்மையாகவோ தளர்வாகவோ இருக்கும்போதுதான். அவை மண்ணுக்குள் இறங்கிப் பற்றுகின்றன. தார் அவற்றை உள்ளே விடாது. பட்டனே வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வளைவில்தான் உங்கள் உழைப்பு வீணாகிறது. திருப்பத்தில் சைக்கிள் நெளிவதும் அதனால்தான்.

நம் தேவைக்கு நான்கு வகைகளைப் பார்த்தால் போதும்.

முழுக்க வழவழப்பான பருமனான டயர்: ஷ்வால்பே பிக் ஆப்பிள் போன்றவை. தாரிலும் இறுகிய காய்ந்த மண்ணிலும் மிக நன்றாக ஓடும். ஈர மண்ணில் கைவிட்டுவிடும்.

நடுவில் வழவழப்பு, ஓரத்தில் பட்டன்: ஷ்வால்பே ஹரிக்கேன், கான்டினென்டல் டபுள் ஃபைட்டர் போன்றவை. புதியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது இதைத்தான், ஏனென்றால் இரண்டு உலகமும் கிடைப்பதாகத் தோன்றுகிறது. நேராகப் போகும்போது தாரில் அமைதியாக உருளும். ஆனால் தளர்ந்த சரளை மேட்டில் ஏறும்போது எடை நடுப்பகுதியில் இருக்கிறது, பின்சக்கரம் சுழன்றுவிடும். தாரில் வேகமாகச் சாய்ந்து திரும்பினால் நடு வழவழப்பிலிருந்து ஓரப் பட்டனுக்கு மாறும் கணத்தில் பிடிப்பு சட்டென்று மாறுகிறது. தார் அதிகம் உள்ளவர்களுக்கு இது நல்ல டயர். மேட்டுச் சரளை உள்ளவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

உயரம் குறைந்த, நெருக்கமான சிறு பட்டன்கள்: கான்டினென்டல் ரேஸ் கிங் இந்த வகை. நெருக்கமாக இருப்பதால் ஒரு பட்டனிலிருந்து அடுத்ததற்கு உருள்வது தாரில் அதிராது. சரளையில் போதுமான பிடிப்பு உண்டு. உண்மையிலேயே கலவையாக ஓட்டுபவர்களுக்கு என் முதல் தேர்வு இது. குறை என்னவென்றால், பின்சக்கரத்தில் நடுப் பட்டன்கள் தாரில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

உயரமான, இடைவெளிவிட்ட பட்டன்கள் நான்காவது. ஈரக் களிமண் உங்கள் வாடிக்கையான பாதை என்றால் ஒழிய வேண்டாம்.

கடையில் டயரைக் கையில் எடுக்க முடிந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். நடுப் பட்டன் ஒன்றைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். எளிதாக வளைந்தால் தாரிலும் வளையும். அசையாமல் நின்றால் நம் வேலைக்கு ஏற்றது.

7. உள்ளே இருப்பது: துணி, பஞ்சர் காப்பு, ஓரக் கம்பி

டயரின் உடல் ரப்பரில் தோய்த்த நூல்களால் ஆனது. ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்பதை டி.பி.ஐ. என்று குறிப்பார்கள். எண் கூடினால் டயர் மெல்லியதாகவும் வளையத் தக்கதாகவும் இருக்கும், நன்றாக உருளும். கூரிய கல்லில் பக்கச் சுவர் சீக்கிரம் கிழியும். தினசரி ஓட்டத்துக்கு 60 நல்ல நடுநிலை. ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டாம். சிலர் எல்லா அடுக்குகளையும் கூட்டி எழுதுகிறார்கள், சிலர் ஓர் அடுக்கை மட்டும் எழுதுகிறார்கள்.

தார்ச் சாலையின் ஓரத்தில் கண்ணாடித் துண்டும் ஆணியும் சேரும். வேலைக்குப் போக இந்தச் சைக்கிளையே நம்பியிருந்தால் பஞ்சர் காப்புப் பட்டை உள்ள டயரை எடுங்கள். அதன் தடிமன் கூடக்கூட டயர் உயிரில்லாமல் உருளும்; தடிமனான காப்பை எல்லோருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒரே அளவில் 500 கிராம் டயரும் உண்டு, 1000 கிராம் டயரும் உண்டு. வாங்கும் முன் எடையைப் பாருங்கள், உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்பதை அது சொல்லிவிடும்.

மடிக்கக்கூடிய ஓரம் எடை குறைவு, இரும்புக் கம்பி ஓரம் விலை குறைவு. ஓட்டத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பணத்தை மிச்சப்படுத்த வேண்டுமென்றால் இங்கே மிச்சப்படுத்துங்கள்.

டியூபின் மேல் அது ஏற்கும் அகல வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். 2.1 இலிருந்து 1.5 க்கு இறங்குகிறவர் பழைய டியூபையே மடித்துத் திணித்தால் மடிப்பில் பஞ்சராகும். புதிய டியூப் வாங்கும்போது வால்வையும் கவனியுங்கள். ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கான துளையில் தடிமனான ஷ்ரேடர் வால்வு நுழையாது.

8. முன்னும் பின்னும் வெவ்வேறாக இருக்கலாம்

பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் கீழே விழுவோம். ஆகவே இரண்டு விதமான டயர்கள் கையில் இருந்தால், பிடிப்பு அதிகமானது முன்னால், நன்றாக உருள்வது பின்னால். பின்சக்கரம் அதிக எடையைச் சுமப்பதால் உருளும் தன்மையின் பலன் அங்கேதான் அதிகம் தெரியும். மாற்றி மாட்டியிருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். "பின்னால்தான் உந்துவிசை" என்பது அவர்கள் சொல்லும் காரணம். தளர்ந்த மண்ணில் ஒரு திருப்பம் அதைத் தவறென்று காட்டிவிடும்.

9. மாட்டும் வரிசை

ரிம்மை ரப்பர் கட்டைகள் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில் முதலில் பிரேக் கம்பியை விடுவியுங்கள். பருமனான டயர் காற்றோடு அந்தக் கட்டைகளுக்கு நடுவே நுழையாது. டிஸ்க் பிரேக் என்றால் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் பிடியை அழுத்தவே வேண்டாம்.

டயரைக் கழற்றியதும் ரிம்மின் உள்நாடாவைப் பாருங்கள். ஸ்போக் துளை எங்காவது தெரிந்தால் நாடாவை மாற்றுங்கள். இல்லையென்றால் புதிய டயரில் வரும் பஞ்சருக்குப் பழியை டயர் சுமக்கும்.

பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து, சுழலும் திசையில் வையுங்கள். டயரின் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேரே வரட்டும். பஞ்சரானால், டியூபின் ஓட்டையை வைத்து டயரில் குத்திய இடத்தைக் கண்டுபிடிக்க இது உதவும்.

டியூப் வடிவம் பெறும் அளவுக்கு மட்டும் காற்று அடித்து உள்ளே வையுங்கள். டயரின் இரண்டாவது ஓரத்தை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசி கொஞ்சம் ஏற மறுத்தால், மற்ற இடங்களில் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அமுக்கிவிடுங்கள். அங்கே விட்டம் குறைவு. அந்தத் தளர்வு கடைசி இடத்துக்கு வந்து சேரும். நெம்புகோலால் ஏற்றியவர்களின் டியூபில் இரண்டு கடிகள் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பாதிக் காற்றில் நிறுத்தி, ரிம்முக்குச் சற்று மேலே டயரில் ஓடும் மெல்லிய கோட்டைச் சுற்றிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். எங்காவது உள்ளே அமிழ்ந்திருந்தால் காற்றை விட்டு, அந்த இடத்தில் சோப்பு நீர் தடவி, மறுபடி அடியுங்கள்.

10. காற்றழுத்தம்

சரியான டயரை வாங்கிவிட்டுத் தவறான அழுத்தத்தில் ஓட்டி, டயர் மோசம் என்று சொல்பவர்கள் நிறைய. பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் பெரிய எண் மேல் எல்லை. அதுவரை அடிக்க வேண்டும் என்று பொருளல்ல. ரிம்முக்கும் தனியாக ஓர் எல்லை உண்டு. இரண்டில் குறைந்ததைத் தாண்டக்கூடாது.

70 கிலோ எடையுள்ளவர், டியூபோடு, 2.0 அங்குல டயரில் தொடங்க நான் சொல்வது பின்னால் 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு), முன்னால் 36. டயர் 1.75 என்றால் இரண்டிலும் சுமார் 8 கூட்டுங்கள், 2.25 என்றால் 8 குறையுங்கள். எடை பத்து கிலோ மாறினால் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. மாற்றுங்கள். இவை தொடக்கப் புள்ளிகள் மட்டுமே.

பிறகு உங்கள் பாதையிலேயே ஒரு சோதனை. ஒரு சிறு சரிவின் உச்சியில் ஒரே இடத்திலிருந்து, பெடல் மிதிக்காமல், ஒரே விதமாக உட்கார்ந்து இறங்குங்கள். சைக்கிள் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். இரண்டு பி.எஸ்.ஐ. குறைத்து மறுபடி செய்யுங்கள். வழவழப்பான தாரில் அழுத்தம் கூடினால் கொஞ்சம் தூரம் கிடைக்கும். கரடுமுரடான தாரிலும் சரளையிலும் ஓர் அளவுக்கு மேல் காற்று அடித்தால் தூரம் குறையும், ஏனென்றால் சைக்கிள் முன்னால் போக வேண்டிய விசையில் மேலும் கீழும் குதிக்கிறது. இதைத் தன் கண்ணால் ஒருமுறை பார்த்தவர் மறுபடி டயரைக் கல்லாக்க மாட்டார்.

குறைப்பதற்கும் எல்லை உண்டு. குழியில் இறங்கும்போது ரிம் தரையில் தட்டும் சத்தம் கேட்டால், அல்லது டியூபில் பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டைகள் அருகருகே விழுந்தால், நான்கு பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். வீட்டிலிருந்து தாரில் போய் மண்ணில் இறங்குகிறவர், மண் தொடங்கும் இடத்தில் ஐந்து பி.எஸ்.ஐ. வெளியேற்றிவிட்டு, திரும்பும்போது கைப்பம்பால் அடித்துக்கொள்ளலாம். இந்த ஐந்து நிமிட வேலை புதிதாக இன்னொரு டயர் வாங்குவதற்குச் சமமான வேறுபாட்டைத் தருகிறது. கைவிரலால் அமுக்கிப் பார்த்து அளக்க வேண்டாம். தடிமனான டயர் காற்றில்லாதபோதும் விறைப்பாகவே தோன்றும்.

11. முதல் சில நாட்கள்

புதிய டயரின் மேற்பரப்பு முதலில் வழுவழுப்பாக இருக்கலாம். முதல் 20, 30 கி.மீ. வரை திருப்பத்தில் சாயாமல், மழை ஈரத்தைத் தவிர்த்து ஓட்டுங்கள்.

ஒரு வாரம் கழித்து மூன்றாம் படியின் அளவுகளை மறுபடி எடுங்கள், டயர் விரிந்திருக்கும். சட்டகத்தின் உட்புறத்தில் பளபளக்கும் உரசல் தடம் தெரிந்தால் அந்த டயர் உங்கள் சைக்கிளுக்கு அகலம் அதிகம். எவ்வளவு பிடித்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

வேகமானி சக்கரத்தில் மாட்டிய காந்தத்தை வைத்துச் சுற்றுகளை எண்ணும் வகையாக இருந்தால் சக்கரச் சுற்றளவைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். வால்வைத் தரைக்கு நேரே வைத்துச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். நீங்கள் மேலே உட்கார்ந்தபடி ஒரு முழுச் சுற்று உருட்டி, வால்வு மறுபடி கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மி.மீ. கணக்கில் வேகமானியில் பதிவு செய்யுங்கள்.